முறுக்கு பேசாது, கவர்தான் பேச வேண்டும்: மும்பைத் தமிழ்ச் சிறு உணவுத் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மும்பையிலும் அதன் புறநகர்களிலும் முறுக்கு, தட்டை, சிப்ஸ், அப்பளம், பொடி வகைகள், காப்பித்தூள் ஆகியவற்றைத் தயாரித்து விற்கும் அண்ணாச்சிமார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த ஊரில் லேபிளும் கவரும் வடிவமைத்துப் பிழைப்பவன் நான். உங்களில் பலர் என்னிடம் வந்திருக்கிறீர்கள். வராதவர்களின் பண்டங்களையும் மாட்டுங்கா, செம்பூர், முலுண்ட் கடைகளில் காசு கொடுத்து வாங்கித் தின்றிருக்கிறேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன். சில இடங்களில் என் வார்த்தை கொஞ்சம் சுருக்கென்று படலாம், பொறுத்தருள வேண்டும்.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, மாட்டுங்கா கிழக்கில் நம்மூர்ச் சாமான்கள் விற்கும் ஒரு கடையில், உரிமையாளரின் சம்மதத்தோடு ஒரு மணி நேரம் ஓரமாக நின்றேன். முறுக்கு அடுக்கியிருந்த தட்டின் முன் வருகிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதுதான் நோக்கம். ஒரு கையில் காய்கறிப் பையும் மறு கையில் கைபேசியுமாக வந்த ஒரு பெண்மணி, கைபேசியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரு பாக்கெட்டை எடுத்தார். கட்டை விரலால் மெல்ல அழுத்தி, உள்ளே நொறுங்கியிருக்கிறதா என்று பார்த்தார். பின்புறம் திருப்பித் தேதியைத் தேடினார். தேதி கவரின் அடி ஸீலில், வரிவரியாக நெளிந்த இடத்தில், ஊதா மையில் பாதி அழிந்து கிடந்தது. டியூப் லைட்டுக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தும் பிடிபடவில்லை. எடுத்த இடத்தில் வைக்கக்கூட இல்லை. ரவா பாக்கெட்டுகளின் மேல் போட்டுவிட்டு, பக்கத்திலிருந்த வேறொரு பாக்கெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் போட்டுவிட்டுப் போன முறுக்கு, தாராவி 90 அடிச் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், அதற்கு மூன்று நாள் முன்பு சுட்டது. சுட்டவரை எனக்குத் தெரியும். அந்தப் பெண்மணி எடுத்துச் சென்ற பாக்கெட்டின் இன்னொரு பிரதியைத் திருப்பிப் பார்த்தேன்: ஏழு வாரம் பழையது. ஆனால் அதன் தேதி வெள்ளைக் கட்டத்துக்குள் கறுப்பு எழுத்தில் பளிச்சென்று இருந்தது.

அந்தப் பெண்மணி அந்த முறுக்கை வாயில் வைக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். “நம்ம சரக்கு நல்ல சரக்கு, ஒரு தடவை தின்றவர்கள் விட மாட்டார்கள்” என்று நீங்கள் எல்லோரும் சொல்வீர்கள், நானும் ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒரு தடவை எப்படி வரும் என்பதுதான் என் கேள்வி.

உங்கள் தந்தையார் காலத்தில் இந்தக் கேள்வி எழவில்லை. தகர டின்னைத் தோளில் வைத்துக்கொண்டு டீக்கடை டீக்கடையாகப் போனவர், கடை வாசலில் மூடியைத் திறந்தார். வாசனை வெளியே வந்தது. ஒரு முறுக்கை எடுத்து ஒடித்தார். மடக்கென்று சத்தம் கேட்டது. பாதியைக் கடைக்காரரிடம் நீட்டி, “நேத்து ராத்திரி சுட்டது அண்ணாச்சி, நொறுங்கினது இருந்தா நாளைக்கு மாத்தித் தர்றேன்” என்றார். வாசனை, மொறுமொறுப்பு, தேதி, உத்தரவாதம் ஆகிய நான்கையும் தம் மூக்காலும் கையாலும் வாயாலும் அவரே கொண்டுபோய்ச் சேர்த்தார். இன்று உங்கள் சரக்கு டோம்பிவிலியில் ஒரு மாடிக் கடையின் நான்காம் தட்டில் நிற்கிறது. அங்கே நீங்கள் இல்லை. உங்கள் தந்தையார் செய்த வேலை முழுவதையும் இப்போது அந்தக் கவர் ஒற்றையாளாகச் செய்ய வேண்டும். அந்த ஆளுக்குத்தான் நீங்கள் சம்பளம் கொடுக்க யோசிக்கிறீர்கள்.

யோசிக்கிறீர்கள் என்று நான் சொல்வது அனுபவத்தில். அரிசிமாவு எந்த மில்லில் அரைப்பது, எண்ணெயை எத்தனை ஈடுக்கு ஒரு முறை மாற்றுவது என்பதற்கெல்லாம் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ளும் நீங்கள், எல்லாம் முடிந்து கையில் காசு தீர்ந்த பிறகு என்னிடம் வந்து, “இருக்கிறதிலேயே சல்லிசா ஒண்ணு போடுங்க தம்பி” என்கிறீர்கள். மஸ்ஜித் பந்தரில் ரெடிமேட் பவுச் வாங்கி அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டுவதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. தொடங்குகிறவருக்கு அதுதான் சரியான வழி. கவருக்கான படலத்தை அச்சடித்த சுருளாக, அதாவது ரோலாக, வாங்கப் போனால் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனியாக ஒரு சிலிண்டர், அதாவது அச்சு உருளை, செதுக்க வேண்டும், ஆயிரக்கணக்கில் அச்சடித்தால்தான் கட்டுப்படியாகும். குறைந்த செலவை நான் குறை சொல்லவில்லை. கடைசி நேரத்தில் செய்வதைத்தான் குறை சொல்கிறேன்.

இந்தக் கலை நமக்குப் புதிதும் அல்ல. கருப்பட்டியையும் பண்டங்களையும் ஓலைக் கொட்டானில் வைத்துக் கொடுத்த ஊர்க்காரர்கள் நாம். காற்றும் போக வேண்டும், சுமந்து போகவும் வசதியாக இருக்க வேண்டும், கையில் வாங்கியதும் இது எந்தச் சீமைப் பண்டம் என்று தெரியவும் வேண்டும். மூன்றையும் அந்த ஓலை செய்தது. எழுத்தறியாதவரும் படத்தைச் சொல்லியே கேட்டு வாங்கும்படி தீப்பெட்டிக்குக் கிளியையும் மயிலையும் அச்சடித்து ஒட்டியது சிவகாசி. கடலூர்க்காரரான சின்னி கிருஷ்ணன், எப்சம் உப்பையும், டப்பாவில் விற்ற டால்கம் பவுடரையும் சிறு பாக்கெட்டுகளில் அடைத்துப் பார்த்தார். அவர் பிள்ளைகள் வெல்வெட், சிக் ஷாம்பூக்களை அதே வழியில் பெட்டிக்கடைச் சரத்தில் தொங்கவிட்டார்கள். பாட்டிலாக வாங்க முடியாதவர் ஒரு தலைக்குளியலுக்கு மட்டும் வாங்கலாம் என்ற நிலையை உண்டாக்கியது உள்ளே இருந்த திரவம் அல்ல, அதைச் சுற்றிய உறையின் அளவு. வடிவமைப்பு என்றால் பூவும் கொடியும் வரைவது என்று நினைக்கிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வது இதைத்தான்: எத்தனை கிராம் அடைப்பது என்று முடிவு செய்வதே முதல் வடிவமைப்பு. உங்களில் பெரும்பாலோர் 200 கிராம், 400 கிராம் மட்டுமே போடுகிறீர்கள். சயானில் ரயில் ஏறி, ஜன்னலோரம் இடம் கிடைத்த சந்தோஷத்தில் நாலு வாய் கொறிக்க நினைப்பவருக்கு அதில் எதுவும் பொருந்தவில்லை.

இனி, எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயத்துக்கு வருகிறேன். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர், நன்றாக விற்கும் ஒரு பெரிய நிறுவனத்தின் பாக்கெட்டைக் கையில் கொண்டுவந்து, “இதே மாதிரி வேணும், பெயரை மட்டும் மாத்துங்க” என்கிறார்கள். ஒருவர் பின்பக்கத்தையும் அப்படியே எடுக்கச் சொல்லி வேறொருவரிடம் அச்சடித்துவிட்டார். 890 என்று தொடங்கிய பார்கோடும் சேர்ந்து வந்துவிட்டது. பில் கவுண்டரில் அதை வருடியபோது அந்தப் பெரிய நிறுவனத்தின் பெயரும் விலையும் திரையில் விழ, கடைக்காரர் மொத்தச் சரக்கையும் திருப்பி அனுப்பினார். சிரிக்க வேண்டிய கதைதான், ஆனால் அவர் அந்த மாதம் சிரிக்கவில்லை.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்பதற்கு நம் மும்பை நிறுவனமான பார்லேயின் வழக்கே சான்று. குளுக்கோ பிஸ்கட் உறையில் பண்ணை வீடு, நடுவே தண்ணீர்க் குடுவை ஏந்திய சிறுமி, சுற்றிலும் பசுக்களும் கோழிகளும் இருந்தன. மைசூரைச் சேர்ந்த ஒரு நிறுவனம் தன் பிஸ்கட் உறையில் தலையில் வைக்கோல் கட்டுச் சுமந்த பெண்ணை வரைந்து, அதே போலப் பசுவும் கோழியும் பண்ணை வீடும் போட்டது. குடுவைக்குப் பதில் வைக்கோல், கையில் ஓர் அரிவாள் என்று வேறுபாடுகள் இருக்கத்தான் செய்தன. 1972-இல் உச்ச நீதிமன்றம், இரண்டையும் அருகருகே வைத்து வேறுபாட்டை எண்ணுவது முறையல்ல, ஒன்றைப் பார்த்துப் பழகியவர் இன்னொன்றை அதுவென்று நினைத்து வாங்கிவிடும் அளவுக்கு மொத்தத் தோற்றம் ஒத்திருந்தால் போதும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே “நாங்கள் சிவப்பைக் கொஞ்சம் மாற்றிவிட்டோமே” என்ற சமாதானம் எங்கும் நிற்காது. அதைவிட வியாபாரக் கணக்கைச் சொல்கிறேன். உங்கள் கவர் இன்னொருவருடையதைப் போல இருந்தால், உங்கள் முறுக்கைத் தின்று மகிழ்ந்தவர் அடுத்த முறை கடைக்கு வந்து கைநீட்டி எடுப்பது அந்த இன்னொருவருடைய பாக்கெட்டை. அவருக்கு நீங்கள் செலவில்லாமல் விளம்பரம் செய்து கொடுத்திருக்கிறீர்கள்.

ஏற்கெனவே தமக்கென்று ஒரு முகம் உள்ளவர்கள் வேறு விதமாகத் தவறுகிறார்கள். சயான் கோலிவாடாவில் இட்லிப் பொடி விற்கும் ஓர் அக்காவின் லேபிள், மஞ்சள் தாளில் கறுப்பு எழுத்து, மூலையில் ஓர் உலக்கைப் படம், அவ்வளவுதான். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த அவருடைய தம்பி மகன், எல்லாவற்றையும் எடுத்துவிட்டு பளபளப்பில்லாத மேட் ஃபினிஷில் கறுப்புப் பவுச் போட வேண்டும் என்று நின்றான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஆரஞ்சுப் பழத்தில் உறிஞ்சுகுழல் செருகிய பழைய படத்தை நீக்கிவிட்டு, ஒரு கண்ணாடி டம்ளர் படத்தோடு 2009 ஜனவரியில் புதுப் பெட்டியை இறக்கிய டிராப்பிக்கானா நிறுவனம், இரண்டு மாதத்துக்குள் ஏறத்தாழ இருபது சதவீத விற்பனையை இழந்து பழைய பெட்டிக்கே திரும்பியதை அவனுக்கு எடுத்துச் சொன்னேன். உள்ளே இருந்த பழச்சாறு ஒரு துளிகூட மாறவில்லை. வாங்குகிறவரின் கண் தேடிய பழம்தான் அங்கே இல்லை. அக்காவின் மஞ்சளையும் உலக்கையையும் அப்படியே வைத்துக்கொண்டு, எழுத்தை மட்டும் திருத்தி, தாளை ஈரம் புகாத பவுச்சாக மாற்றினோம். தம்பி மகன் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். உங்களை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருப்பது நியாயமல்ல. சில ஆண்டுகளுக்கு முன் தேங்காய் எண்ணெயில் பொரித்த நேந்திரங்காய் சிப்ஸுக்கு ஒரு கவர் வடிவமைத்தேன். சிப்ஸின் நிறம் அவ்வளவு அழகு. அதை மறைக்க மனம் வரவில்லை. முன்பக்கத்தில் பாதியளவுக்கு வாழையிலை வடிவத்தில் ஒரு தெளிவான ஜன்னல் வைத்தேன். கடைகளில் எல்லோரும் பாராட்டினார்கள், முதல் இரண்டு வாரம் நன்றாகவே விற்றது. மூன்றாவது வாரம் அந்தச் சிப்ஸ்காரர் ஒரு பாக்கெட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துப் பிரித்தார். காறல் வாடை அறை முழுக்கப் பரவியது. ஜன்னலுக்கு நேரே இருந்த சில்லுகள் வெளுத்து, பின்பக்கம் இருந்தவை மட்டும் நிறம் மாறாமல் இருந்தன. கடையின் டியூப் லைட்டுக்கு நேர் கீழே நாள் முழுக்க நின்ற சரக்கு அது. எண்ணெய்ப் பண்டத்தைக் காறவைப்பவை காற்றிலுள்ள ஆக்சிஜனும் வெளிச்சமும். நான் இரண்டுக்குமே வாசல் திறந்து வைத்திருந்தேன். பெரிய நிறுவனங்களின் சிப்ஸ் பாக்கெட் உள்ளே வெள்ளி போல மினுக்குவது அலங்காரத்துக்காக அல்ல. வெளியே அச்சான படலம், நடுவே வெளிச்சத்தையும் ஈரத்தையும் தடுக்கும் அலுமினியம் பூசிய படலம், உள்ளே சூட்டில் ஒட்டிக்கொள்ளும் பாலித்தீன் என்று அடுக்கி, ஸீல் வைக்கும்போது காற்றுக்குப் பதில் நைட்ரஜனை நிரப்புகிறார்கள். “பாதி காற்றுதானே” என்று நாம் கேலி செய்யும் அந்தக் காற்றுதான் சில்லு நொறுங்காமலும் காறாமலும் காக்கிறது. அன்றிலிருந்து எந்தப் பண்டத்துக்கும் படலத்தை முடிவு செய்யாமல் நான் படம் வரையத் தொடங்குவதில்லை. அந்தேரியில் இந்தியப் பேக்கேஜிங் நிறுவனம் 1966 முதல் இருக்கிறது. படலங்களைச் சோதித்துத் தரும் ஆய்வுக்கூடமும் அங்கே உண்டு. நம் ஆட்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

காப்பித்தூள்காரர்களுக்குத் தனியாக ஒரு சொல். வறுத்த கொட்டை நாள்கணக்கில் கரியமில வாயுவை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். அரைத்த சூட்டோடு இறுக்கி ஸீல் வைத்தால் பாக்கெட் பலூனாக உப்பும். வாங்குகிறவர் கெட்டுப்போனது என்று நினைப்பார். உள்ளிருக்கும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத ஒருவழி வால்வு வைத்த பவுச் கிடைக்கிறது. சிக்கரி எத்தனை சதவீதம் என்பதை மூலையில் எறும்பு போல அச்சடிக்காதீர்கள். விதிப்படி சொல்லியே ஆக வேண்டிய கணக்கு அது. காப்பி 80, சிக்கரி 20 என்பதைப் பெரிதாகப் போட்டால், டிகாக்‌ஷன் பதம் தெரிந்தவர் அதைப் பார்த்தே வாங்குவார்.

கவரின் முன்பக்கம் ஆசை காட்டுகிறது என்றால், பின்பக்கம் வாக்குக் கொடுக்கிறது. நம்மவர்கள் பின்பக்கத்தைத் தொல்லை என்று நினைக்கிறார்கள். அன்று அந்தப் பெண்மணி முதலில் திருப்பியது அதைத்தான். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதினான்கு இலக்க உரிம எண், சைவம் என்று காட்டும் பச்சைப் புள்ளி, சேர்மானங்கள், எடை, எம்.ஆர்.பி., கிராம் கணக்கில் விலை, தயாரித்த தேதி, புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண் ஆகிய எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கிவிட்டு மிச்ச இடத்தில் படம் போடுங்கள். தேதிக்கென்று மை பிடிக்கும் ஒரு வெள்ளைக் கட்டத்தை ஸீலிலிருந்து தள்ளி விடுங்கள். இதற்கு ஒரு பைசா கூடுதல் செலவு இல்லை.

சொற்களிலும் கவனம் வேண்டும். தாராவியில் சுட்ட முறுக்கின் மேல் ‘மணப்பாறை முறுக்கு’ என்று அச்சடிக்கிறீர்கள். மணப்பாறை முறுக்கு 2023-இலும், கோவில்பட்டி கடலை மிட்டாய் 2020-இலும் புவிசார் குறியீடு பெற்றுவிட்டன. அந்தப் பெயர் அந்த ஊர்க்காரர்களின் சொத்து. உங்கள் தாத்தா அங்கிருந்து ரயிலேறி வந்தவர் என்பது போதாது. அதே போல ‘வீட்டில் செய்தது’ என்ற சொல். பத்துப் பேர் வேலை செய்யும் கூடத்தில் மெஷின் வைத்துப் பிழிந்துவிட்டு அப்படிப் போட்டால், ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விளம்பர விதிகளின்படி அது தவறான எண்ணத்தை உண்டாக்கும் சொல்லாகும். உண்மையைச் சொல்வதில் என்ன குறைச்சல்? ‘தாராவியில் மூன்று தலைமுறையாக’ என்று ஒருவர் கூடப் போட முன்வரவில்லை. தாராவி என்ற சொல்லைக் கண்டு கூசுகிறீர்கள். என் கருத்தில் உங்களிடம் உள்ள ஆகச் சிறந்த விற்பனைச் சொல் அதுதான்.

எந்த மொழியில் போடுவது என்று பலர் கேட்கிறார்கள். சட்டத்துக்குத் தேவையான விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரியில் இந்தியிலோ இருக்க வேண்டும். கூடுதலாக எந்த மொழியும் சேர்க்கலாம். முன்பக்கத்தில் பண்டத்தின் பெயரைத் தமிழில் பெரிதாகப் போடுங்கள் என்பேன். மாட்டுங்காவில் வாங்குகிற குஜராத்திக்கும் மராத்தியருக்கும் அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாது. ஆனால் அது இருந்தால்தான் அசல் என்று நம்புகிறார்கள். அதற்குக் கீழே, முறுக்கை அவர்கள் அழைக்கும் ‘சக்லி’ என்ற பெயர் தேவநாகரியிலும் இருக்கட்டும். சக்லியும் முறுக்கும் ஒன்றல்ல என்று அக்காமார்கள் சண்டைக்கு வருவீர்கள் என்று தெரியும். தேடுகிறவர் அந்தப் பெயரில்தான் தேடுகிறார்.

தேடுவது என்றதும் கைபேசி நினைவுக்கு வருகிறது. பத்து நிமிடத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் செயலிகளில் உங்கள் பாக்கெட் ஒரு தபால்தலை அளவில்தான் தெரியும். கோயில் கோபுரம், விளக்கு, யானை, உங்கள் தந்தையாரின் படம், நான்கு வித எழுத்து என்று நிரப்பிய கவர் அந்த அளவில் வெறும் சேறாகத் தெரிகிறது. தந்தையார் படத்தை எடுக்கச் சொல்லும்போதெல்லாம் என் குரல் இறங்கிவிடும். பின்பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று சமாதானம் சொல்வேன்.

குப்பையைப் பற்றியும் பேசாமல் விட முடியாது. தாராவி 13 காம்பவுண்டில் பிளாஸ்டிக் பிரிக்கிறவர்களிடம் உங்கள் மினுக்குக் கவரைக் கொடுத்தால், கையால் கசக்கிப் பார்த்துவிட்டு ஓரமாக எறிவார்கள். பல அடுக்குப் படலத்தைப் பிரித்து மறுபடி உருக்க வழியில்லாததால் அதற்கு விலை கிடையாது. ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் செய்த படலங்கள் இப்போது வரத் தொடங்கியிருக்கின்றன. ஒரு வாரத்தில் விற்றுத் தீரும் தட்டைக்கும் அதிரசத்துக்கும் வெள்ளிப் படலமே தேவையில்லை. நாள்பட நிற்க வேண்டிய பண்டத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு மேல் நேரில் பேசுவோம். வரும்போது உங்கள் வீட்டிலிருந்து பாக்கெட் கொண்டுவராதீர்கள். டோம்பிவிலியிலோ முலுண்டிலோ ஏதாவது ஒரு கடையில், தூசி படிந்தபடி நிற்பதை, மற்றவர்களைப் போலக் காசு கொடுத்து வாங்கி வாருங்கள். அது நின்ற தட்டை ஆறடி தள்ளி நின்று ஒரு படமும் எடுத்து வாருங்கள். சிலிண்டர் செதுக்கி, அச்சாகி, படலம் ஒட்டி, வெட்டி, ரோல் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும் என்பதால், தீபாவளிக்குக் கடையில் நிற்க வேண்டிய கவர் ஆடி மாதமே அச்சுக்குப் போய்விட வேண்டும். புரட்டாசியில் வந்து நின்றால் மறுபடியும் அந்த ஊதா மைதான்.

இப்படிக்கு,
உங்கள் பாக்கெட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு கவர் வடிவமைப்பாளர்,
சயான், மும்பை.